அருள்நாயகி அக்காவும் ஆயுத வீடும்

அருள்நாயகி அக்காவைப் பற்றி எழுதுவதற்கு டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் விட்டால் ஒளிவட்டம் வரைந்து, மெழுகுதிரி கொளுத்தி, பூவும் வைத்துவிடுவார்கள். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. வாய்க்காரி. கடையில் வரிசைக்குள் யாராவது இடையில் புகுந்தால் தமிழிலேயே ஏசுவார். ஏச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது அவருடைய கொள்கை. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அவருடைய கணவரையும் மகளையும் அவரிடம் வந்து சேரவிடாமல் வைத்திருந்த கோப்புக்குள், என் வாயிலிருந்து விழுந்த சொல் ஒன்று கிடந்தது.

மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கணவர் பஸ்தியாம்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. 1985இல் ஒரு பின்னேரம் ஊருக்குள் துப்பாக்கி தூக்கிய துவக்குக்காரர் நுழைந்தார்கள். சனமெல்லாம் கோயிலுக்கு ஓடியது. தேவாலயத்தை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். கோயிலின் முன்விறாந்தையில், மூன்று வயது மகள் ஸ்ரெபானியின் செருப்பு ஒன்று கழன்று விழுந்துவிட்டது. பிள்ளை செருப்புக்காக வீரிட்டு அழுதது. அதை எடுக்கக் குனிந்த பஸ்தியாம்பிள்ளையின் முழங்காலில் வெடி பட்டது. அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

வள்ளம் தள்ள முடியாத மனிதர் கடலுக்குப் போக முடியாது. ஒருவர் வெளிநாடு போனால்தான் குடும்பம் தலையெடுக்கும் என்ற நிலை வந்தபோது, உழைக்கக்கூடிய ஆள்தான் போகவேண்டும், அது நான்தான் என்று அருள்நாயகி அக்கா முடிவெடுத்தார். புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் பெண் தனியாகப் போவதா என்று ஊர் வாயைப் பிளந்தது. பிளந்த வாய்களுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1986 செப்ரெம்பரில், கிழக்கு பேர்லின் வழியாக டென்மார்க்கில் வந்து இறங்கினார். அடுத்த வருடம் வதிவிட அனுமதி கிடைத்தது. கிடைத்த அதே கிழமை, கணவரையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். ஆறு மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று ஸ்ரெபானிக்கு ஒரு நீலக் குளிர்ச்சட்டைகூட வாங்கி வைத்தார். அந்தச் சட்டையைப் பிள்ளை ஒருநாளும் போடவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது அதன் கை அவளுடைய மணிக்கட்டுக்கு மேலே நின்றது.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். என் பெயர் மகேந்திரராசா. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்து இந்துக் குடும்பம். அக்காவுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவன், டெனிஷ் மொழி பிடிபட்டுவிட்டது என்ற திமிர் தலைக்கேறியவன். பொலிஸ் விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போவேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போவேன். எனக்குத் தெரியாத சொல் ஒன்று வந்தால், அது என்ன என்று கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சாவது மேல் என்று நினைத்த காலம் அது.

1988 வசந்தத்தில் அருள்நாயகி அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட, சாந்தமான ஒரு பொலிஸ்காரர் கேள்வி கேட்டார். கணவரின் காலில் வெடி பட்டது எங்கே, எப்படி என்றார். கோயில் விறாந்தையில் என்று அக்கா சொன்னார். விறாந்தைக்கு டெனிஷில் என்ன சொல்வது என்று தடுமாறிய நான், தேவாலயத்துக்குள் போக முன்னம் இருக்கிற, கூரை போட்ட சின்ன இடம் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். பொலிஸ்காரர் விளங்கிவிட்டது என்று தலையாட்டி, தட்டச்சில் ஒரே சொல்லைத் தட்டினார்.

கடைசியில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கவேண்டும். வாசித்துக்கொண்டு வந்தவனுக்கு முன்னால் அந்தச் சொல் வந்து நின்றது: வோபன்ஹூஸ். வோபன் என்றால் ஆயுதம். ஹூஸ் என்றால் வீடு. இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள். "என் கணவர் தேவாலயத்தின் ஆயுதக் கிடங்கில் நிற்கும்போது சுடப்பட்டார்" என்று கணீரென்று வாசித்தேன்.

அருள்நாயகி அக்கா கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

"என்ர கோயிலில ஆயுதக் கிடங்கோ? ஆர் சொன்னது? அப்பிடியொரு இடம் எங்கட ஊரில இல்லை. அவர் அங்க நிக்கவும் இல்லை."

நான் அதை அப்படியே டெனிஷில் போட்டேன்: அவருடைய தேவாலயத்தில் வோபன்ஹூஸ் என்று ஒன்று கிடையாது, கணவர் அங்கே நிற்கவுமில்லை. பொலிஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதுதானே அங்கே நின்றார் என்று சொன்னீர்கள் என்றார். அக்கா திரும்ப மறுத்தார். இன்னொரு முறை கேட்டார். அக்கா இன்னும் உரத்து மறுத்தார். அந்த மனிதர் என்ன செய்வார்? கணவர் காயப்பட்ட இடம் பற்றித் தான் சொன்னதை விண்ணப்பதாரி மாற்றிக்கொண்டார் என்று அடியில் ஒரு வரி தட்டினார். அக்கா ஒப்பம் வைத்தார். நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

ஓகஸ்ட் மாதம் கடிதம் வந்தது. வாக்குமூலத்தில் முரண்பாடு இருப்பதால் மேலும் ஆராயவேண்டியுள்ளது என்று எழுதியிருந்தது. தான் சொல்லாத ஆயுதக் கிடங்கை அவர்கள் ஏன் எழுதினார்கள் என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். தெரியாதது எவ்வளவு பெரிய குற்றம் என்பதும் எனக்குத் தெரியாது.

அதற்குள் அக்காவுக்குக் கொம்யூனில், அதாவது நகரசபையில், வேலை கிடைத்திருந்தது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்த் தூசி தட்டி, நிலம் துடைத்து, உடுப்புத் தோய்த்துக் கொடுக்கிற வேலை. வேலைக்குச் சேரும்போதே, போகிற வீடுகளில் காண்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்பம் வாங்கியிருந்தார்கள். ஐந்து வீடுகள். வெள்ளிக்கிழமைகளில் ஹோல்கர் என்ற கிழவருடைய பண்ணை வீடு. ஹோல்கர் மனைவியை இழந்தவர், அந்த வட்டாரத்து வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவர். கோப்பி ஊற்றி வைத்துக்கொண்டு அக்கா வரும்வரை குடிக்காமல் இருப்பார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வருவதற்குள் கோப்பி ஆறிவிடும்.

அந்த இலையுதிர்காலத்தில் ஊர் இரண்டாகப் பிளந்து நின்றது துவக்கால்தான். வேட்டைத் துவக்குகளை இரும்பு அலுமாரியில் பூட்டவேண்டும், தோட்டாக்களை வேறாகப் பூட்டவேண்டும், பூட்டியிருக்கிறதா என்று பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று ஒரு சட்டத் திருத்தம் பேசப்பட்டது. அப்பன் கொழுவிய ஆணியில் மகனும் துவக்கைக் கொழுவுகிற ஊர் அது. பொலிஸ் வந்து சுவரைப் பார்ப்பதா என்று வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். திருத்தத்துக்கு எதிராக ஒரு தீர்மானம் போட்டுப் பாராளுமன்றத்துக்கு அனுப்புவது என்று, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஊரில் வசிக்கும் எல்லோரும் வரலாம் என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. அதைத் தான் துடைத்த வீட்டு மேசையிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு அக்கா என் அறைக்கு வந்தார்.

"இது துவக்கைப் பூட்டச் சொல்லுற சட்டமோ?"

ஓம் என்றேன். அப்படியென்றால் தான் கூட்டத்துக்குப் போகவேண்டும், நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றார். தமிழ்ச் சங்கத் தலைவர் குணசேகரம் அண்ணை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தார்: விண்ணப்பங்கள் ஒன்றும் அசையவில்லை, ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, இந்த நேரத்தில் ஊர்ப் பிரச்சினைக்குள் ஒருவரும் தலையைப் போடக்கூடாது. அது அவருடைய சொந்தப் பயம் அல்ல. எல்லோருக்கும் யாரோ ஒருவர் எங்கேயோ காத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை அக்காவுக்கு நினைவூட்டினேன். உங்கள் கோப்பு ஏற்கெனவே முரண்பாடு என்று கிடக்கிறது, வெள்ளைக்காரனின் துவக்குச் சண்டை நமக்கெதற்கு என்றேன்.

"துவக்கைப் பற்றிக் கதைக்க எனக்கில்லாத தகுதி இந்த ஊரில ஆருக்கடா இருக்கு?" என்று கேட்டார்.

கூடப் போனேன்.

மண்டபத்தில் நூற்றிருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கோப்பி வாசனையும் ஈரச் சப்பாத்து வாசனையும். பின்வரிசையில் நாங்கள் இரண்டு கறுத்த தலைகள். அக்கா வேலைக்குப் போகிற சட்டை போடாமல், பூசைக்குப் போகிற சேலை கட்டி, அதற்கு மேலே குளிரங்கி போட்டு, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

ஹோல்கர் பேசினார். நான் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். தன் வீட்டுச் சுவரில் எழுபது வருடமாக இரண்டு துவக்குகள் தொங்குகின்றன, அவை ஒருத்தரையும் கடிக்கவில்லை என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நம்பிக்கையில் நடக்கிற நாடு இது, தன் வீட்டுக்குள் பொலிஸ் வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கிற நாளில் இது வேறு நாடாகிவிடும் என்றார். அதில் எனக்கே கொஞ்சம் நியாயம் தெரிந்தது. கதவைத் தட்டுகிற சீருடையைப் பற்றி எங்களுக்கா சொல்லவேண்டும்? பிறகு அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் ஒன்று சொன்னார். அதை நான் மென்று விழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"நீ ஒண்டை விட்டிட்டாய். எல்லாரும் எங்களைத் திரும்பிப் பாத்தவை. முழுக்கச் சொல்லு."

சொன்னேன். இப்போது வருகிற ஆட்கள் சிலர் துவக்கோடு வளர்ந்த நாடுகளிலிருந்து வருகிறார்கள், சட்டம் போடுவதென்றால் அவர்களுக்குப் போடுங்கள், எங்களுக்கு வேண்டாம் என்று ஹோல்கர் சொல்லியிருந்தார். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பையின் கொளுக்கியை மட்டும் திறந்து மூடினார்.

அடுத்து கேர்ஸ்டின் எழும்பினார். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர், சட்டத்துக்கு ஆதரவு. துவக்கைப் பூட்டி வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்றார் அவர். நம் தேவாலயங்களில் உள்ளே போக முன்னம் இருக்கிற அந்தச் சின்ன முன்கூடத்துக்கு ஏன் வோபன்ஹூஸ் என்று பெயர்? அந்தக் காலத்து ஆண்கள் வாளையும் ஈட்டியையும் அங்கே வைத்துவிட்டுத்தான் கடவுளுக்கு முன்னால் போனார்கள் என்று சொல்வார்கள். கடவுளுக்காக வாளை இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள், குழந்தைகளுக்காக ஒரு அலுமாரி வாங்க முடியாதா என்று கேட்டார்.

அக்கா காத்திருந்தார். நான் சொல்லவில்லை. தேவாலயத்துக்குள் போக முன்னம் இருக்கிற, கூரை போட்ட சின்ன இடம். நான் பொலிஸ்காரருக்குச் சொன்ன அதே சொற்கள். அந்த மனிதர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். டெனிஷ்காரர் எவருக்கும் அது வெறும் விறாந்தை. ஒரு தேவாலயத்துக்குள்ளும் ஒருநாளும் கால் வைக்காத மகேந்திரராசா என்ற மேதாவி ஒருவனுக்குத்தான் அது ஆயுதக் கிடங்கு.

அக்கா என்னவென்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். கிழவி ஏதோ சமயம் கதைக்கிறா என்று முடித்திருக்கலாம், ஒருவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். ஆனால் அவருடைய கை இன்னும் என் முழங்கையில் இருந்தது. சொன்னேன்.

"அப்ப அது விறாந்தையோ?"

"ஓம், அக்கா."

"அதை நீ ஆயுதக் கிடங்கு எண்டு வாசிச்சனி."

"ஓம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை எடுத்துவிட்டு, முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்த ஒரே தடவை அது.

"திங்கக்கிழமை நீயும் நானும் பொலிசுக்குப் போறம்" என்றார். "இப்ப எழும்பு. நான் கதைக்கப்போறன். ஒரு சொல்லையும் நீ தொடக்கூடாது."

அவர் கையை உயர்த்தவில்லை, தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை. எழும்பி நின்றார். மண்டபம் திரும்பியது. முதல் வசனத்தை என்னிடம் தராமல் தன்னுடைய உடைந்த டெனிஷில் தானே சொன்னார்: என் கணவர் வோபன்ஹூசில் நின்றார். அந்தச் சொல்லை இரண்டு நிமிடத்துக்கு முன்தான் அவர் கற்றிருந்தார். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சரியாக இருந்தது.

மீதியைத் தமிழில் சொன்னார். எங்கள் கோயிலிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது, அங்கே நாங்கள் செருப்பைக் கழற்றுவோம் என்றார். என் மகளின் செருப்பை எடுக்கக் குனிந்தபோது என் கணவரைச் சுட்டார்கள். வந்தவர்கள் துவக்கை விறாந்தையில் வைத்துவிட்டு வரவில்லை, கொண்டுதான் வந்தார்கள். துவக்கோடு வளர்ந்த ஆட்கள் என்று எங்களைச் சொன்னீர்கள். நான் துவக்குக்கு முன்னால் வளர்ந்த ஆள். என் கையால் ஒரு துவக்கையும் நான் தொட்டதில்லை, இந்த நாட்டுக்கு வரும்வரை.

அங்கே நிறுத்தினார். நான் மொழிபெயர்த்து முடித்ததும் தொடர்ந்தார்.

"இப்ப கிழமைக்கு ஒருக்காத் தொடுறன். ஐஞ்சு வீடு துடைக்கிறன். நாலு வீட்டில சுவரில துவக்கு. நான்தான் தூசு தட்டுறன். ஒரு வீட்டில தோட்டா மேசைவிரிப்பு வைக்கிற இழுப்பு லாச்சிக்குள்ள கிடக்குது, பேரப்பிள்ளை அதை வைச்சு விளையாடுறதை நான் கண்டனான். ஆரின்ர வீடெண்டு சொல்லமாட்டன். சொல்லுறேல்லை எண்டு ஒப்பம் வைச்சனான். நீங்களே உங்கட உங்கட லாச்சியை நினைச்சுப் பாருங்கோ."

நான் ஒரு சொல்லையும் தொடாமல் சொன்னேன். அந்த நிமிடத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். மண்டபத்தில் கொம்யூனிலிருந்து துடைக்க ஆள் வருகிற கிழவர்கள் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் அது தங்கள் வீடு என்று நினைத்தார்கள். ஒருவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒருவர் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். ஹோல்கரின் கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது.

பின்னால் ஒருவன் இது டென்மார்க் ஆட்களின் விஷயம், இவவுக்கு இங்கே என்ன கதை என்றான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. அக்கா அவன் பக்கம் திரும்பி, "நான் இங்க வசிக்கிறன்" என்று டெனிஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பு நடந்தது. எல்லோரும் என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருப்பதாகக் கேர்ஸ்டின் உரத்து நினைவூட்டினார். தீர்மானத்துக்கு எதிராக அக்கா கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன், தோள் வரைக்கும். முழுக்க உயர்த்து என்று அதட்டினார். அறுபத்துநான்குக்கு ஐம்பத்தேழு. வேட்டைக்காரர்கள்தான் வென்றார்கள். தீர்மானம் பாராளுமன்றத்துக்குப் போனது. சட்டம் அங்கே பட்ட பாடு வேறு கதை.

திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். கழுத்துப்பட்டி கட்டவில்லை. அதே கண்ணாடிக்காரர். பிழை என்னுடையது என்று சொல்லி, எப்படி நடந்தது என்று சொன்னேன். வோபன்ஹூசை அப்படியும் விளங்கலாம் என்பது அவருக்கு முதலில் பிடிபடவே இல்லை. பிடிபட்டதும் சிரிக்கப் பார்த்து, அக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். அந்த முறை வாசித்துக் காட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் அக்கா என்னை நிறுத்தி, இது உனக்கு விளங்குதோ என்று கேட்டார். விளங்காத மூன்று இடங்களில் விளங்கவில்லை என்று சொன்னேன். வெளியே வந்ததும் இந்த வேலைக்கு இனி வரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். தளபாடத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பலகையைப் பிழையாக அறுத்தால் பலகைதான் வீணாகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா ஹோல்கர் வீட்டு மணியை அடித்தபோது, கதவு திறக்காது என்றுதான் நினைத்தாராம். திறந்தது. மேசையில் கோப்பி இருந்தது. சோபாவுக்கு மேலே துவக்குகள் இல்லை. சுவர்க்கடதாசியில் நீளமாக இரண்டு வெளிறிய தடங்கள் மட்டும் இருந்தன. மூலையில் புது இரும்பு அலுமாரி ஒன்று. இனி உனக்குத் துடைக்கிற வேலை குறைவு என்று ஹோல்கர் முணுமுணுத்தார். நல்லது, அப்படியென்றால் இன்றைக்கு ஜன்னலைத் துடைக்கலாம் என்றார் அக்கா. அவருக்கு வாக்குப் போட்டது அறுபத்துநான்கு பேர். ஆனால் அவர் அலுமாரி வாங்கிவிட்டார்.

1989இல் செய்தி வெளியே வந்தது. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே மேலிடத்துக் கட்டளையால் நிறுத்திவைக்கப்பட்டிருந்தனவாம். அதை வாசித்ததும் எனக்கு வந்தது கோபம் அல்ல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். என் சொல்லால் இல்லை! பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு தலைகால் தெரியாமல் அக்காவிடம் ஓடினேன். அவர் படியில் நின்று கேட்டார்.

"உன்ர சொல்லாலயோ அவையின்ர கட்டளையாலயோ, என்ர பிள்ளைக்குப் பல்லு விழுந்து முளைச்சதை நான் காணேல்லை" என்றார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

அந்த இலையுதிர்காலத்தில் பஸ்தியாம்பிள்ளையும் ஸ்ரெபானியும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்குக் கார் ஓடியது நான்தான், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு பஸ்தியாம்பிள்ளை அண்ணை பின்னால் இருந்தார். கண்ணாடியில் அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டே ஸ்கீவ வரை ஓடினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. கடிதம் ஏதும் என்றால் வாசலில் நின்று வாசித்துச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பேன். அந்த மனிதருக்கு முன்னால் எப்படி உட்காருவது?

1993 ஜனவரி. நிறுத்திவைத்த எங்கள் விண்ணப்பங்கள் பற்றிய விசாரணை அறிக்கை வெளியாகி, அரசாங்கமே பதவி விலகிவிட்டது. எங்களால் ஒரு அரசாங்கம் போய்விட்டது என்று குணசேகரம் அண்ணை ஒவ்வொரு வீடாகத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னேர வேலை முடிந்து நேரே அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். ஸ்ரெபானி கதவைத் திறந்து, டெனிஷில் அம்மா என்று உள்ளே கத்தினாள். பத்து வயது. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால், காலை இழுத்துக்கொண்டு, அண்ணை.

அரசாங்கம் போய்விட்டது என்றேன். தெரியும் என்றார் அக்கா, டெலிவிஷன் பார்த்தாராம். பிழை தங்களுடையது என்று அவர்களில் யாராவது வாசல் வாசலாக வந்து சொன்னார்களா என்று கேட்டார். இந்த வாசலுக்கு வந்ததை நான் காணவில்லை என்றேன்.

"போறது லேசு" என்றார் அக்கா. "எழும்பிப் போகலாம், கார் காத்துக்கொண்டு நிக்கும். வந்து முன்னுக்கு நிண்டு, நான்தான் பிழை விட்டனான் எண்டு சொன்னது இந்த நாட்டில நீ ஒருத்தன்தான். அதுக்குப் பிறகும் ஏன் மூண்டு வருஷமா வாசலில நிக்கிறாய்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலைப் பக்கத்தில் நீட்டி, மெல்லக் குனிந்து, வாசலில் இறைந்து கிடந்த மகளின் சப்பாத்துகளை எடுத்து ஓரமாக வைத்தார். என்னுடையதற்கு இடம் விட்டார்.

"இதுதான் எங்கட வோபன்ஹூஸ்" என்றார் அக்கா. "கழட்டிப்போட்டு உள்ள வா."